பால்வாடியில் கைவழிக் கல்வி

(இளம் அறிவியல் மனையியல், மூன்றாம் ஆண்டு)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. பெரியவர்களுக்கே பொருந்தும் இம்மொழி, ஏட்டையே இன்னும் அறியாத மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. சுரைக்காயின் படத்தைச் சுவரில் மாட்டி, "இது என்ன?" என்று கேட்டால் குழந்தை "சுரைக்காய்" என்று சொல்லிவிடும். ஆனால் அதன் எடை, தோலின் வழவழப்பு, தட்டினால் எழும் ஓசை, அறுத்தால் உள்ளே இருக்கும் விதை ஆகியவற்றைப் படம் தருவதில்லை. அவற்றைத் தருவது கை.

மனையியல் துறையில் குழந்தை வளர்ச்சிப் பாடம் பயிலும் நாங்கள், இறுதியாண்டில் அங்கன்வாடி மையங்களுக்குக் கற்பித்தல் பயிற்சிக்காகச் செல்கிறோம். மக்கள் வழக்கில் அது இன்றும் பால்வாடிதான். பிற துறைத் தோழியர், "பால்வாடியில் நீங்கள் என்ன பாடம் நடத்துவீர்கள்? பாட்டுப் பாடித் தூங்க வைப்பீர்களா?" என்று கேலியாகக் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். பயிற்சி மாணவியின் திறமை, அவள் எவ்வளவு பேசினாள், எத்தனை படங்கள் வரைந்தாள் என்பதில் இல்லை. குழந்தையின் கைக்கு எதைக் கொடுத்தாள், கொடுத்த பின் தன் கையையும் வாயையும் எவ்வாறு அடக்கிக்கொண்டாள் என்பதிலேதான் இருக்கிறது.

கை ஏன்?

நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. குழந்தை பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை, குருத்தாகவே இருக்கின்றன. முதல் ஆண்டில் ஒன்றிரண்டு எலும்பாக மாறத் தொடங்குகின்றன. பிறகு ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக இறுகுகின்றன. கடைசி எலும்பு உருப்பெற ஏறக்குறைய 9 முதல் 12 வயது ஆகிவிடும். இப்படிப்பட்ட மணிக்கட்டை உடைய மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுத்துக் கோட்டுக்குள் எழுது என்பது, நாற்றுப் பயிரில் கதிரைத் தேடுவது போன்றதாகும். அக்கைக்கு முதலில் வேண்டியவை பிசைதல், ஊற்றுதல், கோத்தல், பொறுக்குதல் போன்ற வேலைகள்.

மூளைக்கும் கைக்கும் உள்ள உறவும் இங்கே நினைக்கத்தக்கது. கனடா நாட்டு மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, மூளையின் மேற்பரப்பில் எப்பகுதி எவ்வுறுப்பை ஆள்கிறது என்று ஆராய்ந்து 1937-இல் வெளியிட்டார். உடலில் சிறியதாகிய கைக்கு மூளையில் மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருப்பதை அவ்வாய்வு காட்டியது.

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே (1896–1980) குழந்தைகளிடம் செய்து பார்த்த சோதனை ஒன்றை எந்தப் பால்வாடியிலும் செய்து பார்க்கலாம். ஐந்து புளியங்கொட்டைகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேரே இன்னும் ஐந்தை மற்றொரு வரிசையாகவும் வையுங்கள். இரண்டும் சமமா என்று கேட்டால் நான்கு வயதுக் குழந்தை "சமம்" என்று சொல்லும். பிறகு குழந்தையின் கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பிவிட்டு மீண்டும் கேளுங்கள். பரப்பிய வரிசையில்தான் "நிறைய" இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லும். எண்ணச் சொன்னால் இரண்டிலும் ஐந்து என்று எண்ணும். ஆனாலும் அதில்தான் நிறைய என்று சாதிக்கும்! குழந்தைக்கு எண்களின் பெயர் தெரியும். எண்ணின் பொருள் இன்னும் தெரியாது என்பதே இதன் கருத்து. "இரண்டும் சமம்" என்று நாம் நூறு முறை உரக்கச் சொன்னாலும் அது விளங்காது. பரப்பியும் சேர்த்தும், கொடுத்தும் வாங்கியும், நாள்தோறும் தன் கையாலேயே செய்து பார்க்கும்போது ஒருநாள் தானாகவே விளங்கிவிடும்.

வழிகாட்டிய பெரியோர்

இவ்வுண்மையைக் கண்டு சொன்னவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர் ஜெர்மனி நாட்டு ஃபிரடெரிக் ஃபுரோபெல். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கிய அவர், 1840-இல் அதற்குக் "குழந்தைகளின் தோட்டம்" என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்ற பெயரைச் சூட்டினார். அவர் குழந்தைகளுக்குக் கொடுத்த பொருள்களுக்குப் "பரிசுகள்" என்று பெயர். முதற்பரிசு வண்ணக் கம்பளி நூலால் ஆன ஆறு பந்துகள். மூன்றாம் பரிசு எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். முழுமை, பகுதி என்னும் கருத்துகளைச் சொல்லாமலே சொல்லும் பொருள் அது.

அடுத்தவர் இத்தாலி நாட்டு மருத்துவ அம்மையார் மரியா மாண்டிசோரி. 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் ஏழைமக்கள் வாழ்ந்த சான் லாரன்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவர் அமைத்த பொருள்களின் சிறப்பு, தவற்றைப் பொருளே காட்டிவிடும் என்பதாகும். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள்; அவற்றுக்குப் பொருந்தும் பத்து உருளைகள். ஓர் உருளையை மாற்றி வைத்துவிட்டால் கடைசியில் ஒன்று எங்கும் பொருந்தாமல் நிற்கும். ஆசிரியர் "தப்பு" என்று சொல்ல வேண்டியதே இல்லை.

இவ்வம்மையாருக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1939-ஆம் ஆண்டின் இறுதியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கச் சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபைக்கு வந்தார். மறு ஆண்டே இத்தாலி உலகப் போரில் இறங்கியதால், சில மாதங்களுக்கென்று வந்தவர் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அதில் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார்.

ஆனால் மாண்டிசோரிப் பொருள்கள் விலை மிக்கவை. அவற்றை நாட்டுப்புறத்துக்கு ஏற்றவாறு மாற்றிய பெருமை குஜராத்திலும் மராட்டியத்திலும் உழைத்தவர்களைச் சாரும். 1920-இல் பாவ்நகரில் பால மந்திரம் கண்ட கிஜுபாய் பதேகாவும், அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக்கும் இவ்வழியில் முன்னோடிகள். தாராபாய் 1945-இல் போர்டி என்னும் சிற்றூரில் பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணை நின்றார். மரக்கட்டைகளுக்குப் பதிலாகக் கிளிஞ்சல், விதை, இலை, கூழாங்கல் ஆகியவை குழந்தைகளின் கைக்கு வந்தன. குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியே அவர்களுடைய முற்றத்துக்குப் போயிற்று. அங்கன்வாடி என்னும் சொல்லில் உள்ள "அங்கன்" முற்றத்தையே குறிக்கும். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அச்சொல்லை நாடெங்கும் பரப்பியது. 2022-இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு விளையாட்டும் பொருள்களும் வழியாகவே கல்வி தர வேண்டும் என்கிறது. ஆக, நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வரும் கருத்து இது.

மணலில் எழுதிய விரல்

மேலைநாட்டாரிடமிருந்து மட்டும்தான் நாம் இதைக் கற்றோம் என்று எண்ணிவிடக் கூடாது. நம் திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதினார்கள். 1789 முதல் சென்னையில் படைவீரர்களின் அனாதைச் சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே இம்முறை இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் சென்றது. விரல் மணலில் உராயும்போது எழுத்தின் வடிவம் தோலின் வழியாகவே மனத்தில் பதிகிறது. மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளும் இதே தத்துவத்தில் அமைந்தவைதாம். தாம்பாளத்தில் பரப்பிய மணலை நாம் பழைய வழக்கமென்று கைவிட்டது இழப்பே ஆகும்.

செய்து பார்க்கத்தக்கவை

பயிற்சிக்குச் செல்லும் தோழியர்க்குப் பயன்படும் சில செயல்களை இங்கே தருகிறேன். இவற்றுக்கு வேண்டிய பொருள்கள் வீட்டிலும் தெருவிலும் கிடைப்பவை.

1. தண்ணீர் ஊற்றுதல்: ஒரு தாம்பாளத்தில் இரண்டு டம்ளர்கள், ஒன்றில் பாதியளவு தண்ணீர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிந்தாமல் ஊற்ற வேண்டும். சிந்தினால் துடைக்க அருகிலேயே ஒரு துணி. மணிக்கட்டின் திருப்பம், கண்ணும் கையும் சேர்ந்து இயங்குதல், பொறுமை ஆகியவை இதில் பழகும். மூன்று வயதுக் குழந்தைகூட இதை இருபது முறை அலுக்காமல் செய்யும்.

2. பிரித்தல்: புளியங்கொட்டை, கறுப்புக் கொண்டைக்கடலை, மக்காச்சோளம் மூன்றையும் கலந்து ஒரு தட்டில் கொடுத்து, மூன்று கொட்டாங்கச்சிகளை வைத்தால் போதும். நிறம், வடிவம், அளவு ஆகியவற்றை ஒப்பிடும் அறிவு இதிலிருந்து தொடங்குகிறது. கணக்குக்கு அடிப்படையே இனம் பிரித்தல்தான்.

3. பல்லாங்குழி: பதினான்கு குழிகளிலும் ஒவ்வொன்றாகச் சோழிகளைப் போட்டுக்கொண்டே செல்லுதல். ஆட்டத்தின் முழு விதிகள் சிறு குழந்தைக்கு வேண்டாம். ஒரு குழிக்கு ஒன்று என்னும் பொருத்தமே போதும். பியாஜே சொன்ன எண்ணின் பொருள் இங்கேதான் கைக்கு வருகிறது.

4. துணிப்பை: எலுமிச்சம்பழம், தேங்காய் நார், கரண்டி, பஞ்சு ஆகியவற்றை ஒரு பையில் போட்டு, பார்க்காமல் கையை விட்டு எடுத்து, இன்னதென்று சொல்ல வேண்டும். "சொரசொரப்பு", "வழவழப்பு", "மெத்தென்று" போன்ற சொற்கள் இங்கே தேவையின் காரணமாகப் பிறக்கின்றன. மொழிப் பாடமும் இதுவே.

5. முளைகட்டுதல்: பச்சைப் பயற்றை இரவு ஊறவைத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தால் ஓரிரு நாளில் முளை விடும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி முடிச்சு. தன் பயறு முளைத்ததா என்று காலையில் ஓடிவந்து அவிழ்த்துப் பார்க்கும் குழந்தைக்குத் தாவரவியலின் முதற்பாடம் முடிந்துவிட்டது.

6. களிமண் பிசைதல், மணலில் விரலால் எழுதுதல், பெரிய ஓட்டையுள்ள மணிகளை நூலில் கோத்தல் ஆகியவை விரல்களின் வலிமைக்கு உகந்தவை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. அழகாக இருக்கிறது என்று குன்றிமணியையோ, ஆமணக்கு விதையையோ, அரளி விதையையோ ஒருபோதும் எடுத்துச் செல்லக் கூடாது, மூன்றும் நஞ்சு. மூன்று வயது நிறையாத குழந்தைகளுக்கு வாயிலும் மூக்கிலும் நுழையக்கூடிய சிறு பொருள் எதுவும் கொடுத்தல் ஆகாது. விதைகளைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

பயிற்சி மாணவி என்ன செய்ய வேண்டும்?

பொருளைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டதா என்ற வினா எழலாம். இல்லை, அப்போதுதான் தொடங்குகிறது. முதலில் செயலை ஒருமுறை மெல்லச் செய்து காட்ட வேண்டும். காட்டும்போது பேசக் கூடாது. பேசினால் குழந்தை நம் கையைப் பார்க்காமல் வாயைப் பார்க்கும். பிறகு பொருளைக் குழந்தையிடம் தள்ளிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை திணறும்போது உதவத் துடிக்கும் நம் கையை அடக்குவதுதான் இப்பயிற்சியில் மிகக் கடினமான பாடம். திணறல் என்பது பெரும்பாலும் கற்றல் நடைபெறுவதன் அடையாளம். அது சலிப்பாகவோ அழுகையாகவோ மாறும்போது மட்டும் நாம் குறுக்கிடலாம்.

அடுத்தது உற்றுநோக்கல். நம் பதிவேடுகளில், "குழந்தைகள் ஆர்வமுடன் பங்கேற்றனர், நோக்கம் நிறைவேறியது" என்ற வாக்கியம் ஆண்டுதோறும் வருகிறது. அது எந்தக் குழந்தையைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. மேற்சொன்ன பிரித்தல் செயலில் நான் கண்டு எழுதியதை எடுத்துக்காட்டாகத் தருகிறேன்: "நான்கு வயதுப் பையன். முதலில் எல்லாவற்றையும் ஒரே கொட்டாங்கச்சியில் போட்டான். திரும்பக் கொட்டினான். மக்காச்சோளத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே போட்டான். புளியங்கொட்டையையும் கொண்டைக்கடலையையும் சேர்த்தே விட்டான். 'முடிஞ்சுது அக்கா' என்றான்." இக்குறிப்பிலிருந்து அவன் நிறத்தைக் கொண்டு பிரிக்கிறான், வடிவத்தைக் கொண்டு இன்னும் பிரிக்கவில்லை என்பது தெரிகிறது. எனவே மறுநாள் அவனுக்கு அவ்விரண்டையும் மட்டும் துணிப்பையில் போட்டுத் தடவிப் பார்க்கக் கொடுத்தோம். தட்டையும் வழவழப்புமானது ஒன்று, உருண்டையும் சுருக்கமுமானது மற்றொன்று என்பதை விரல் சொல்லிவிட்டது. இவ்வாறு இன்றைய குறிப்பிலிருந்தே நாளைய பாடக்குறிப்பு பிறக்க வேண்டும்.

கைவேலை எல்லாமே கல்வியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அச்சடித்த கிளியின் படத்தைக் கொடுத்து, எல்லாரும் பச்சை வண்ணம் தீட்டுங்கள் என்றால் கை அசைகிறது, மனம் அசைவதில்லை. குழந்தை தானே ஒன்றை முடிவு செய்வதற்கு இடமிருந்தால்தான் அது கற்றல். அதுபோலவே கதையும் பாட்டும் வேண்டாம் என்பதும் நம் கருத்தன்று. கை கண்டதை வாய் சொல்லவும் இடம் தர வேண்டும்.

தாய்மாரின் கேள்வி

பயிற்சியின்போது மாலையில் குழந்தையை அழைத்துப் போக வந்த தாய் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, காலேஜிலேர்ந்து வந்த டீச்சருங்க நீங்கதானே? எம் புள்ள மூணு மாசமா வர்றான். இன்னும் ஒரு 'அ' எழுதத் தெரியலை. பக்கத்து வீட்டுப் புள்ள எல்.கே.ஜி. போவுது, ஏ பி சி டி முழுசும் எழுதுது."

அங்கன்வாடிப் பணியாளர் அம்மா அனுபவம் மிக்கவர். அத்தாய் பூக்கட்டி விற்பவர் என்பதை அறிந்து, "நீ பூக்கட்ட எப்படிக் கத்துக்கிட்டே?" என்று கேட்டார். "எங்கம்மா கட்டும்போது நானும் நாரை வச்சுக்கிட்டுக் கட்டிக்கிட்டே இருப்பேன்" என்றார் அவர். "உன் புள்ளையும் இப்ப அதைத்தான் செய்யுது" என்றார் பணியாளர். தாய் சிரித்தார், ஆயினும், "அடுத்த வருசம் ஸ்கூல்ல எழுதச் சொல்லிக் கேப்பாங்களே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவருடைய கவலை நியாயமானது. கூலி வேலையும் சிறு வணிகமும் செய்யும் பெற்றோர், தம் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்று அஞ்சிக் கடன் வாங்கியாவது ஆங்கில நர்சரிப் பள்ளியில் சேர்க்கிறார்கள். கைவழிக் கல்வியை விளக்கத் தவறினால் பால்வாடி குழந்தைகளை இழக்கும். பெற்றோர் பணத்தை இழப்பர். ஆகவே தாய்மாருக்கு விளக்குவதும் பயிற்சியின் ஒரு பகுதியாக வேண்டும். உருளையின் குமிழைப் பிடிக்கும் மூன்று விரல்களே பின்னர் பென்சிலைப் பிடிப்பவை. மணலில் வளைந்த விரலே 'அ'-வின் வளைவை எழுதுவது. ஊற்றிப் பழகிய மணிக்கட்டே எழுத்தை நடுங்காமல் நிறுத்துவது. மாதம் ஒருமுறை தாய்மாரை உட்காரவைத்து, அவர்கள் கண்ணெதிரில் குழந்தைகள் இவற்றைச் செய்யுமாறு விட்டால், நம் சொற்பொழிவைவிட அது நன்கு விளக்கும்.

மதிப்பெண்ணும் குழந்தையும்

இறுதியாக நம் பேராசிரியப் பெருமக்கள் முன் சில விண்ணப்பங்களை வைக்க விரும்புகிறேன். பயிற்சி வகுப்பைப் பார்வையிடும்போது பொதுவாகக் குரல் வளம், துணைக்கருவியின் அழகு, வகுப்பின் அமைதி ஆகியவை மதிப்பிடப்படுகின்றன. இதனால் மாணவியர் இரவெல்லாம் கண்விழித்துத் தெர்மாகோலில் வண்ணப் படங்கள் செய்கிறார்கள். கிழிந்துவிடுமோ என்று குழந்தைகளைத் தொடவிடாமல் உயரத்தில் மாட்டுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் பதிவேட்டோடு அவையும் கல்லூரிக்குத் திரும்பிவிடுகின்றன. குழந்தைக்கு எஞ்சுவது வெறும் சுவர்.

எனவே, குழந்தைகள் தொட்டுக் கையாளக்கூடிய பொருளுக்கு மட்டுமே துணைக்கருவிக்கான மதிப்பெண் தரப்பட வேண்டும். மாணவி பேசிய நேரத்தைவிட அவள் உற்றுநோக்கி எழுதிய குறிப்புக்கு மிகுதியான மதிப்பெண் அளிக்க வேண்டும். கைவேலை நடக்கும் வகுப்பில் எழும் சிறு சலசலப்பைக் கட்டுப்பாடின்மை என்று கொள்ளலாகாது. செய்த பொருள்கள் யாவும் பயிற்சி முடிவில் அந்த மையத்திலேயே விடப்பட வேண்டும். அவற்றைப் பயன்படுத்தும் முறையைப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டு வரவும் வேண்டும். நாம் சில வாரங்களில் திரும்பிவிடுவோம்; குழந்தைகளோடு ஆண்டு முழுவதும் இருப்பவர்கள் அவர்களே.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். ஐந்தில் வளைப்பதென்றால் அடித்து வளைப்பதன்று. ஒரு தட்டுப் புளியங்கொட்டையும், இரண்டு டம்ளரும், ஒரு தாம்பாள மணலும், அருகில் பொறுமையாக அமர்ந்து பார்க்கும் ஒருத்தியும் இருந்தால் போதும். அந்த ஒருத்தியாக இருக்கப் பழகுவதே பால்வாடிப் பயிற்சி. அடுத்த ஆண்டு பயிற்சிக்குச் செல்லவிருக்கும் தங்கையர், வண்ணத்தாள் வாங்கக் கடைக்கு ஓடுமுன் தங்கள் வீட்டு அடுக்களையை ஒருமுறை நன்றாகப் பார்ப்பார்களாக!